மலை வீட்டில் பவளத் தொட்டி: டியூப் லைட்டுக்குச் சரியான சோக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் மூடுபனியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் 25 டிகிரி வெதுவெதுப்பில் காளான் பவளங்கள், சின்னப் பூக்கள்போலக் கூட்டமாக வளரும் ஜோவாந்திடுகள், ஒரு தோல் பவளம். முதல் வருடத்திலேயே இந்தத் தொட்டி கைவிட்டுப் போகப் பார்த்தது. உப்பு, கால்சியம், நைட்ரேட் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் ஜோவாந்திடுகள் காம்பை நீட்டிக்கொண்டே போயின, காளான்கள் பழுப்படித்தன. நான்கு மாதம் தண்ணீரையே சந்தேகப்பட்டேன். கோளாறு விளக்குக்கு மேலே இருந்த தகர டப்பாவில் இருந்தது. அதுதான் சோக்.

கோவையிலிருந்து 54 வாட் டி5 டியூப்கள் வாங்கி வந்திருந்தேன். சோக்கை மட்டும் உள்ளூரில் வாங்கினேன். "நாலடி டியூப்தானே அண்ணா, இதே போதும்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அது 28 வாட் டியூபுக்கான சோக். இரண்டு டியூபுக்கும் நீளம் ஒன்றுதான், முனையில் இருக்கும் பின்களும் ஒரே மாதிரிதான். மாட்டியதும் விளக்கு எரியவும் செய்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பெட்டியில் பேலஸ்ட் என்று அச்சிட்டிருப்பதும் நம் கடைகளில் சோக் என்று கேட்பதும் ஒரே பொருள்தான். இங்கே சோக் என்றே எழுதுகிறேன். சமவெளியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தும். மீதிப் பாதி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற குளிரும் ஈரமும் உள்ள ஊர்களுக்கே உரியது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது எடுத்து வந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அது குற்றம். அங்கே இருக்கும் பவளத்துக்கு ஏற்கெனவே போதுமான துன்பம் இருக்கிறது.

முதல் படி: சோக் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குண்டு பல்பில் கம்பி சூடாகச் சூடாக மின்தடை கூடும். அதனால் அது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. டியூப் லைட் அதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் வாயு ஒருமுறை பற்றிக்கொண்டால் மின்னோட்டம் கூடும், கூடினால் தடை குறையும், குறைந்தால் மின்னோட்டம் இன்னும் கூடும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் சில நொடிகளில் டியூப் போய்விடும். சோக்குக்கு இரண்டு வேலை. முதலில் டியூபைப் பற்றவைக்க உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். பற்றிய பிறகு மின்னோட்டத்தைக் குறித்த அளவில் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஆகவே டியூபின் மேல் எழுதியிருக்கும் வாட் என்பது டியூப் தானாக இழுத்துக்கொள்வது அன்று. சோக் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் டியூப் எரியும். இந்த ஒரு விஷயம் எனக்கு முன்னாலேயே உறைத்திருந்தால் அந்த நான்கு மாதம் மிச்சம்.

இரண்டாம் படி: டியூபை முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் சோக்கையோ ஃபிட்டிங்கையோ முதலில் வாங்கிவிட்டு அப்புறம் டியூப் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்தப் பவளம், அதற்கு எவ்வளவு வெளிச்சம், அதைத் தரும் டியூப் எது, அந்த டியூபுக்கு எந்த சோக் என்று போக வேண்டும்.

டியூபின் பருமனைக் குறிப்பதுதான் டி எண். பழைய தடித்த டி12 டியூப் 38 மில்லிமீட்டர், டி8 26, டி5 16. ஒல்லியாக இருப்பதால் டி5க்கு ஒவ்வொரு டியூபுக்கும் தனி வளைந்த ரிஃப்ளெக்டர் வைக்க இடம் கிடைக்கிறது. பவளத் தொட்டியில் டி5 வெற்றி பெற்றதற்கு இது பெரிய காரணம். டியூபின் மேற்பக்கம் போகும் வெளிச்சமும் தண்ணீருக்குள் திரும்பி வருகிறது.

டி5இல் இரண்டு குடும்பம் உண்டு. சிக்கன வகை 14, 21, 28, 35 வாட். அதிக வெளிச்ச வகை 24, 39, 54, 80 வாட். இங்கேதான் கண்ணி இருக்கிறது. 14உம் 24உம் ஒரே நீளம், 549 மில்லிமீட்டர். 21உம் 39உம் 849. 28உம் 54உம் 1149. 35உம் 80உம் 1449. எல்லாவற்றுக்கும் ஜி5 என்ற ஒரே ஹோல்டர். ஆனால் சிக்கன வகை அனைத்தும் சுமார் 170 மில்லி ஆம்பியரில் ஓடுபவை. 54 வாட் டியூபுக்கு 460 மில்லி ஆம்பியர் வேண்டும். நான் மாட்டிய சோக் என் டியூபுக்கு வேண்டியதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. அது மட்டுமில்லை, முனையில் இருக்கும் இழைகளும் போதுமான சூடு ஏறாமல் தேய்ந்து, புது டியூபின் இரண்டு ஓரமும் கறுத்துவிட்டன. புது டியூபின் ஓரம் சில வாரத்திலேயே கறுத்தால் முதலில் சோக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தலைகீழாக, 28 வாட் டியூபை 54 வாட் சோக்கில் போட்டால் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் சாகும். அதையும் செய்ய வேண்டாம்.

எத்தனை டியூப் வேண்டும்? நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், காளான், ஜோவாந்திட், தோல் பவளங்களுக்கு 54 வாட் டியூப் நான்கு போதும். பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் காளான்கள் இருக்கும் இடத்தில் 50 முதல் 100 வரையும், தோல் பவளத்துக்கு 100 முதல் 150 வரையும் வருகிறதா என்று பாருங்கள். சிறு பாலிப் கல்பவளங்களுக்கு 250க்கு மேல் கேட்கும். அதற்கு ஆறு அல்லது எட்டு டியூப் ஆகும். என் கருத்தில், மலையில் கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் அந்த வகையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் படி: சோக்கின் வகை

காப்பர் சோக்கும் ஸ்டார்ட்டரும் சேர்ந்த பழைய ஏற்பாடு எல்லோர் வீட்டிலும் இருந்தது. கொடைக்கானலில் என் நண்பர் ஒருவர் 36 வாட் டி8 டியூப்கள் நான்கை இப்படித்தான் பல வருடம் ஓட்டினார். காப்பர் சோக் முரட்டுப் பொருள். மின்னலையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் எலக்ட்ரானிக் சோக்கைவிட நன்றாகத் தாங்கும். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் பவளத் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று குளிர். ஸ்டார்ட்டர் குளிரிலும் குறைந்த வோல்டேஜிலும் திணறும். டிசம்பர் காலையில் அறை 10 டிகிரி, லைனில் 190 வோல்ட் என்றால் டியூப் பளிச் பளிச்சென்று இருபது தடவை கண்சிமிட்டிய பிறகுதான் பிடிக்கும். ஒவ்வொரு சிமிட்டலும் இழையின் மேல்பூச்சைக் கொஞ்சம் உதிர்க்கிறது.

இன்னொன்று வீணாகும் மின்சாரம். 36 வாட் டியூப் 0.43 ஆம்பியர் இழுக்கிறது. 230 வோல்ட்டோடு பெருக்கினால் 99 விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர். உண்மையில் செலவாவதோ சோக்கின் சூட்டையும் சேர்த்து 45 வாட் அளவுதான். இழுப்பதில் உண்மையில் செலவாகும் பங்கைத்தான் பவர் ஃபேக்டர் என்பார்கள், இங்கே அது பாதிக்கும் கீழே. கெப்பாசிட்டர் போடாவிட்டால் இப்படி நான்கு டியூப் உங்கள் இன்வெர்ட்டரில் 400 விஏ இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எலக்ட்ரானிக் சோக் 50 ஹெர்ட்ஸ் கரண்டை 20 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலாக மாற்றி டியூபுக்கு அனுப்புகிறது. அந்த வேகத்தில் டியூபுக்குள் வாயு அணைந்து பற்ற நேரமே கிடைப்பதில்லை. அதே வாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். நொடிக்கு 100 தடவை துடிக்கும் துடிப்பும் காப்பர் சோக்கின் ரீங்காரமும் போய்விடும். அந்தத் துடிப்பால் பவளத்துக்குக் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன், கடலில் அலையின் அடியில் வெளிச்சம் எப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மாலையில் தொட்டி முன்னால் உட்காருபவர் நாம்.

எலக்ட்ரானிக் சோக்கிலும் பற்றவைக்கும் முறை இரண்டு உண்டு. உடனடி வகை இழையைச் சூடாக்காமல் உயர்ந்த வோல்டேஜால் ஒரே அடியில் பற்றவைக்கும். சுவிட்ச் போட்டதும் எரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. விலை குறைவு. ஒவ்வொரு தடவையும் இழைக்கு அடி விழும். ப்ரோக்ராம்டு ஸ்டார்ட் எனப்படும் வகை முதலில் இழையை ஒரு நொடிபோலச் சூடாக்கி, அப்புறம் மெதுவாகப் பற்றவைக்கும். சுவிட்ச் போட்டதும் சின்னத் தாமதம் இருந்தால் மகிழுங்கள், நல்ல சோக் அது.

தொட்டி விளக்கை நாளுக்கு ஒரு தடவைதானே போடுகிறோம், உடனடி வகை போதாதா என்று கேட்கலாம். சமவெளியில் அந்த வாதம் நிற்கும். இங்கே தென்மேற்குப் பருவமழையில் கற்பூர மரக் கிளை ஒன்று லைனில் சாய்ந்தால் ஒரே மாலையில் ஐந்தாறு தடவை கரண்ட் போய் வரும். அத்தனையும் குளிர்ந்த டியூபில் விழும் அடி. மலையில் ப்ரோக்ராம்டு ஸ்டார்ட் தவிர வேறு எதையும் டி5க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: லேபிளைப் படியுங்கள்

கடையில் சோக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். நல்ல சோக்கின் மேல் ஒரு கதையே எழுதியிருக்கும். ஒன்றும் எழுதாத சோக்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எந்தெந்த டியூபுக்கு என்று பட்டியல் இருக்க வேண்டும். "2 x 54 வாட் டி5 ஹெச்.ஓ." என்பது போல. ஹெச்.ஓ. என்றால் அதிக வெளிச்ச வகை. வெறும் "டி5" என்று மட்டும் இருந்தால் நான் விழுந்த குழியில் நீங்களும் விழுவீர்கள்.

உள்ளே வரும் வோல்டேஜின் எல்லையைப் பாருங்கள். 220 முதல் 240 வரை என்று போட்டிருக்கும் நல்ல சோக் 198 முதல் 264 வரை தாங்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டு ப்ளக்கில் மல்டிமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் 190க்குக் கீழே போகிறது என்றால் 120 முதல் 277 வரை ஏற்கும் வகையைத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டெபிலைசர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய ஃபிட்டிங் கொண்டு வந்து விற்பவர்கள் உண்டு. அதில் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

டிஏ என்பது சோக்கைச் சுற்றியிருக்கும் காற்றின் வெப்ப எல்லை. மைனஸ் 15 முதல் பிளஸ் 50 வரை என்பது போல இருக்கும். சமவெளிக்காரர்கள் மேல் எல்லையைப் பார்ப்பார்கள். நாம் கீழ் எல்லையையும் பார்க்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில், இரவு முழுக்க அடுப்பு மூட்டாத அறை எவ்வளவு குளிரும் என்று உங்களுக்கே தெரியும். டிம் செய்யும் வசதியுள்ள சோக்குகளுக்கு இந்தக் கீழ் எல்லை இன்னும் உயரமாக இருக்கும். குளிர்ந்த டியூபை டிம் செய்தால் உள்ளே வெளிச்சம் பாம்புபோல நெளியும். அதனால் காலை மாலை மங்கல் வெளிச்சத்துக்கு டிம்மரை நம்பாமல், நீல டியூபை ஒரு சோக்கிலும் வெள்ளை டியூபை இன்னொரு சோக்கிலும் பிரித்துப் போடுவதே எனக்குப் பிடித்த வழி.

டிசி என்ற புள்ளி சோக்கின் உடம்பில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடம் தாண்டக் கூடாத சூடு அது, 70 அல்லது 75 டிகிரி என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. குளிர் ஊர் நமக்குச் சாதகமாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

லாம்டா என்று கிரேக்க எழுத்தில் பவர் ஃபேக்டர் இருக்கும். 0.95க்கு மேல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை. டியூபின் ஆயுள் முடியும்போது சோக் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு இருக்க வேண்டும். டி5 ஒல்லியான டியூப். ஒரு பக்க இழை தேய்ந்த பிறகும் சோக் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த முனை கொதித்து ஹோல்டர் உருகும், கண்ணாடி விரிசல் விடும். கீழே தண்ணீர். லேபிளில் இ.ஓ.எல். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பேலஸ்ட் ஃபேக்டர் என்ற எண்ணும் சில சோக்குகளில் உண்டு. 1 என்றால் டியூபின் முழு வெளிச்சம். 0.88 என்றால் அதில் 88 சதவீதம்தான். 1க்கு மேல் என்றால் டியூபை அதன் அளவுக்கு மீறி ஓட்டுகிறது. பவளப் பிரியர்களிடையே ஒரு காலத்தில் புகழ்பெற்ற ஐஸ்கேப் 660 அப்படிப்பட்ட ஒரு சோக். குளிர் ஊரில் டியூப் மங்குகிறதே, மீறி ஓட்டினால் சரியாகிவிடுமே என்று ஆசை வரும். டியூபின் ஆயுள் குறையும், நிறம் மாறும். மங்கலுக்கு வேறு மருந்து இருக்கிறது.

ஐந்தாம் படி: டியூபுக்கு வெதுவெதுப்பு கொடுங்கள்

இது சோக்கைப் பற்றிய பேச்சு இல்லைதான், ஆனால் இதைச் செய்யாவிட்டால் எந்த சோக்கும் உங்களுக்குத் திருப்தி தராது.

டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. டி8 டியூப் 25 டிகிரிக் காற்றில் முழு வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது. டி5க்கு அது 35 டிகிரி. தயாரிப்பாளர்களின் தாளிலேயே 54 வாட் டியூபுக்கு 35 டிகிரியில் 5000 லூமென், 25 டிகிரியில் 4450 என்று இரண்டு எண் இருக்கும். 25 டிகிரிக்கே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நம் வீட்டு ஜனவரியில் 14 டிகிரி அறையில் திறந்து தொங்கும் டியூபின் கதி என்ன என்று பாருங்கள்.

சமவெளியில் தொட்டி விளக்குக்கு விசிறி வைத்துக் குளிர வைப்பார்கள். அதைப் பார்த்து நாமும் விசிறி வைத்தால் காசு கொடுத்து இருட்டு வாங்கியது போல. டியூப்களை மூடிய மரக் கூட்டுக்குள் வைத்து, கீழே அக்ரிலிக் தகடு போட்டு, பின்பக்கம் மட்டும் சின்னத் திறப்பு விடுங்கள். டி5இல் எழுத்து அச்சிட்ட முனைக்குப் பின்னால்தான் டியூபின் குளிர்ந்த புள்ளி இருக்கிறது, பாதரசம் அங்கேதான் ஒதுங்கும். அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி, 35ஐ ஒட்டி நிற்கும் வரை திறப்பைக் கூட்டிக் குறையுங்கள். எல்லா டியூபின் எழுத்து முனையும் ஒரே பக்கம் வரும்படி மாட்டுங்கள். ஒரு டியூபின் சூடான முனை பக்கத்து டியூபின் குளிர் புள்ளியைச் சூடாக்கக் கூடாது.

என் கூட்டில் குளிர்காலக் காலையில் முழு வெளிச்சம் வர இருபது நிமிடம் ஆகிறது. அதனால் டைமரைப் பத்து மணிக்கு வைத்திருக்கிறேன். அக்ரிலிக் தகட்டில் படியும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

ஆறாம் படி: சோக்கை எங்கே வைப்பது

மலையில் சோக்கைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. கடற்கரை வீட்டில் உப்புப் படிவது எல்லோருக்கும் தெரியும். 1850 மீட்டர் உயரத்தில் உப்பா என்றால், உங்கள் தொட்டியில் குமிழி உடையும் ஒவ்வொரு தடவையும் நுண்ணிய உப்புத் துளி காற்றில் பறக்கிறது. சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சமவெளியில் மே மாத வெயிலில் அந்தப் படலம் காய்ந்து வெறும் தூளாகக் கிடக்கும். மழைக்காலக் குன்னூரில் அது மாதக்கணக்கில் காயவே காயாது. மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாக சோக்கின் முனைகளில் உட்கார்ந்திருக்கும்.

தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் சோக்கை வைக்காதீர்கள். அதன் சூடு தண்ணீருக்கு உதவும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சில வாட் சூட்டுக்கு ஹீட்டர் இருக்கிறது.

அப்படியானால் தூரமாக வைக்கலாமே என்றால் அதற்கும் எல்லை இருக்கிறது. எலக்ட்ரானிக் சோக்கிலிருந்து டியூபுக்குப் போகும் கம்பியில் ஓடுவது உயர் அதிர்வெண் மின்சாரம். கம்பி நீண்டால் வழியிலேயே கசியும், டியூப் சரியாகப் பற்றாது. அதிகபட்ச நீளம் சோக்கின் தாளில் போட்டிருக்கும், பெரும்பாலும் ஒன்று இரண்டு மீட்டருக்குள். எந்தக் கம்பிகளைக் குட்டையாக வைக்க வேண்டும் என்றும் சில தாள்களில் தனியாகக் குறித்திருப்பார்கள்.

உப்பு தள்ளி வை என்கிறது, கம்பி கிட்டே வை என்கிறது. நான் கண்ட வழி சுவர். தொட்டிக்குப் பின்சுவரில் துளை போட்டு, அடுத்த அறையில் ஆள் உயரத்தில் ஒரு பலகையில் இரண்டு சோக்கையும் திருகி வைத்திருக்கிறேன். கம்பி ஒன்றே கால் மீட்டர். சுவரில் துளை போட முடியாத வாடகை வீடு என்றால், தொட்டியின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் அடிப்பக்கம் காற்றுத் துளை இருக்கட்டும். பலகையாக இருந்தாலும் பெட்டியாக இருந்தாலும் சோக்கின் முதுகு உலோகத் தகட்டில் ஒட்டியிருந்தால் சூடு இறங்கும். ஊட்டியும் கொடைக்கானலும் 2000 மீட்டருக்கு மேலே இருப்பவை, அங்கே காற்று மெலிந்திருப்பதால் அது சூட்டைச் சுமந்து போவதும் கொஞ்சம் குறைவு. காற்றே குளிர்ந்திருப்பதால் பெரிய கவலை இல்லை, ஆனால் துணி அலமாரிக்குள் திணிக்காதீர்கள்.

ஏழாம் படி: கம்பி இணைப்பு

முதலில் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தாலும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

ஒவ்வொரு சோக்கின் மேலும் இணைப்புப் படம் அச்சிட்டிருக்கும். ஒரு கம்பெனிப் படத்தை இன்னொரு கம்பெனி சோக்குக்குப் பார்த்துச் செய்ய முடியாது. பழக்கத்தில் காப்பர் சோக் மாதிரி இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு, அவர் கைக்குப் படத்தைக் கொடுங்கள்.

எர்த் கட்டாயம். அது வெறும் ஷாக் தடுப்பதற்கு மட்டும் இல்லை. டியூபுக்கு மேலே இருக்கும் உலோக ரிஃப்ளெக்டர் எர்த்தோடு சேர்ந்திருந்தால் டியூப் சுலபமாகப் பற்றும். ஈரமும் குளிரும் சேர்ந்த காலையில் ஒரு ஃபிட்டிங் பற்றுவதற்கும் பற்றாததற்கும் இந்த ஒற்றைக் கம்பி காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தொட்டிச் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். ஒயர்கள் ப்ளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டியூப் முனைகளுக்கு ரப்பர் மூடியுள்ள நீர்புகா ஹோல்டர் வாங்குங்கள். தண்ணீரின் பிஹெச் அளக்கும் ப்ரோப்பின் ஒயரையும் சோக் ஒயரையும் ஒன்றாகக் கட்டினால் மீட்டர் எண் குதிக்கும்.

டைமர் விஷயத்தில் கவனம். எலக்ட்ரானிக் சோக்குகள் உயிர்பெறும் கணத்தில் மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். விலை மலிவான டைமரின் ரிலே அந்த அடியில் ஒட்டிக்கொள்ளும், விளக்கு இரவெல்லாம் எரியும். ஒரு டைமருக்கு ஒரு சோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி நேரம் எப்படியும் வேண்டும்தானே.

நான்கு டியூபுக்கு ஒரே சோக் வாங்குவதைவிட இரண்டு டியூப் சோக் இரண்டு வாங்குவது ஏன் நல்லது என்பதும் இங்கேயே விளங்கும். ஒன்று போனாலும் புது சோக் கோவையிலிருந்து வந்து சேரும் வரை பாதி வெளிச்சமாவது இருக்கும்.

எட்டாம் படி: கரண்ட் போகும்போதும் வரும்போதும்

இன்வெர்ட்டரில் விளக்கைச் சேர்க்காதீர்கள். பவளங்கள் இரண்டு நாள் இருட்டைப் பொறுக்கும், அசையாத தண்ணீரைச் சில மணி நேரம்கூடப் பொறுக்காது. உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. பேட்டரியின் ஒவ்வொரு சொட்டும் அலை பம்புக்குப் போகட்டும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள். எப்படியும் விளக்கையும் சேர்க்க வேண்டும் என்றால் தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலையில் பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சோக்குகள் சிரமப்படும்.

கரண்ட் திரும்பி வரும் கணம்தான் சோக்குக்கு ஆபத்தானது. வந்து, போய், எகிறி, அப்புறம் நிலைக்கும். ஃப்ரிட்ஜுக்கு விற்கும் ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமதம் இருக்கும். அதையே விளக்குக்கும் போடுங்கள். கோடை இடிமழை நாட்களில் ப்ளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

ஒன்பதாம் படி: செலவுக் கணக்கு

54 வாட் டியூப் இரண்டை ஓட்டும் சோக் சுமார் 118 வாட் எடுக்கும். இரண்டு சோக்குக்கு 236. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 113 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை விளக்கு மட்டுமே சாப்பிட்டுவிடும், ஹீட்டர் அதற்கு மேல். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பத்தாம் படி: இருப்பு வைத்தல், மாற்றுதல், அகற்றுதல்

ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் முதல் பொது விளக்குக்கான டி5, டி8 டியூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகளும் 2023இல் ஜெனீவாவில் கூடி, நீள டியூப்களை 2027க்குள் படிப்படியாக நிறுத்த ஒப்புக்கொண்டன. இப்போது புதிதாகத் தொட்டி தொடங்குபவர் என்றால் எல்.இ.டி.யையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே நல்ல டி5 கூடு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தொட்டி முழுக்கச் சீராகப் பரவும் அந்த வெளிச்சத்துக்கு நான் இன்னமும் அடிமை. உங்கள் வகை சோக் ஒன்றும், இரண்டு வருடத்துக்கான டியூப்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு. டியூப்களைக் காகிதத்தில் சுற்றி பிவிசி பைப்புக்குள் செருகிக் கொண்டு வந்தால் உடையாது.

டியூபை மாட்டும் அன்றே அதன் முனையில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரியும், ஆனால் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சு தேய்ந்து நீலம் குறைந்திருக்கும். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் பவளம் வெளுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள்.

மாற்றிய டியூபுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அதை உடைத்துத் தேயிலைச் சரிவில் எறிந்தால் மழையோடு ஓடைக்குப் போகும், ஓடை கீழே பவானிக்குப் போகும். அதே பிவிசி பைப்பில் பழைய டியூப்களைச் சேர்த்து வைத்திருந்து, அடுத்த தடவை கோவைக்கு இறங்கும்போது மின்கழிவு எடுத்துக்கொள்பவர்களிடம் கொடுத்துவிட்டு, புது டியூப்களை அதே பைப்பில் மேலே கொண்டு வருகிறேன்.